ஒரே பெட்டியில் ரெண்டு பங்காளி

கடன ஒடன வாங்கி மடிக்கணினி எடுத்தே, சந்தோசம். அதுக்குள்ள விண்டோஸ் 11 ஏற்கெனவே குடியிருந்துச்சு. அது பத்தாதுன்னு பக்கத்துலயே உபுண்டுவையும் கொண்டாந்து குடி வெச்சே, அதுவும் சந்தோசம். இப்ப என்னடான்னா, ‘மூடி வெச்சா ராத்திரியோட ராத்திரியா பேட்டரி காலியாகுது தாத்தா, ஹைபர்னேட் ஆக வைக்கணும்’னு வந்து நிக்குறே. பேராண்டி, ஒரு வேலையை ஒழுங்கா முடிக்கத் தெரியலேன்னாலும் ரெண்டு வேலையை ஒண்ணாச் சிக்கலாக்க உனக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. அது உங்க அப்பன் வழியில வந்த வித்தை. என்னைச் சேந்தது இல்ல.

தாத்தனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காதே. 2011-ல நம்ம அரசாங்கம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி குடுக்க ஆரம்பிச்சப்பவே, ஒரே பெட்டிக்குள்ள விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஜோடியாத்தான் வந்துச்சு. பாஸைச் செஞ்சது நம்ம சென்னை சி-டாக் ஆளுங்க. உன் அத்தை மக அதைத் திறக்கும்போதெல்லாம் நான் பக்கத்துல உக்காந்து பாத்தவன். நீ அப்ப மூக்கை ஒழுக விட்டுக்கிட்டு, அந்தப் பெட்டி மேல ஏறி உக்காரப் பாத்தவன். அதனால சும்மா கேளு.

முதல்ல, தூக்கத்துல ரெண்டு ரகம் இருக்கு. சஸ்பெண்ட்னு ஒண்ணு, அது கோழித்தூக்கம். நீ செஞ்சுக்கிட்டிருந்த வேலை அத்தனையும் ராம்லயே கிடக்கும். ராம் மறக்காம இருக்கணும்னா அதுக்குக் கரன்ட்டு ஓடிக்கிட்டே இருக்கணும். உன் பேட்டரி கரையுறது அங்கதான். ஹைபர்னேட்னு இன்னொண்ணு. ராம்ல இருக்குறதை அப்படியே டிஸ்க்ல எழுதி வெச்சுட்டு, கரன்ட்டையே அணைச்சிரும். பத்து நாள் கழிச்சுத் திறந்தாலும் விட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிக்கும். 1996-ல இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூணு பேரும் கூடி ஏசிபிஐன்னு ஒரு விதிமுறை எழுதினாங்க. அதுல கோழித்தூக்கத்துக்கு எஸ்3, இந்த ஆழ்ந்த தூக்கத்துக்கு எஸ்4. இப்ப வர்ற மடிக்கணினிகள்ல பலதுல எஸ்3-யையே எடுத்துட்டு, மாடர்ன் ஸ்டாண்ட்பைன்னு ஒரு அரைமுழிப்பைக் குடுத்திருக்கான். மூடிப் பையில போட்டு பஸ்ல ஏறினா, எறங்கும்போது பை சூடா இருக்கு, பேட்டரி பாதியா இருக்கு. ‘நான் மூடித்தானே வெச்சேன்’னு நீ அழுவுறே. உன் பெட்டியில என்னென்ன தூக்கம் இருக்குன்னு பாக்கணுமா, விண்டோஸ்ல ‘பவர்சிஎஃப்ஜி ஸ்லாஷ் ஏ’ன்னு அடி. இருக்குற வகை, இல்லாத வகை, ஏன் இல்லைங்கற காரணம் எல்லாத்தையும் ஒப்பிச்சிரும்.

ஆக, உனக்கு வேண்டியது எஸ்4. ஒருத்தன் மட்டும் குடியிருக்குற பெட்டின்னா இந்தப் பேச்சு இங்கயே முடிஞ்சுது, நீ எந்திரிச்சுப் போயிரலாம். உன் பெட்டியில ரெண்டு பேர் இருக்கானே, அதான் கூத்து.

ஒரு வீட்டை நெனைச்சுக்கோ. ரெண்டு பங்காளி. 1985-ல வெளிய வந்த விண்டோஸ் மூத்தவன், உன் உபுண்டுவுக்கு அடிப்படையான, 1991-ல வந்த லினக்ஸ் இளையவன். ஆளுக்கொரு அறை, நடுவுல பொதுவா ஒரு குதிர். ஒருத்தன் முழிச்சிருந்தா மத்தவன் படுத்துக்கணும், இதான் வீட்டு விதி. மூத்தவன் படுக்கப் போகும்போது குதிர்ல பத்து மூட்டை நெல்லுன்னு மனசுல கணக்கு வெச்சுக்கிட்டுப் படுக்குறான். அவன் கண்ணை மூடினதும் இளையவன் எந்திரிக்குறான். மூணு மூட்டையை வெளிய எடுத்து, அந்த எடத்துல தன்னோட மிளகாயைக் கொட்டி வைக்குறான். விடிஞ்சு மூத்தவன் எந்திரிச்சா குதிருக்குள்ள எட்டிப் பாக்க மாட்டான். எதுக்குப் பாக்கணும்? அவன் மனக்கணக்குல பத்து மூட்டை அப்படியே இருக்கு. அந்தக் கணக்குப்படியே அளப்பான், கொட்டுவான், மாத்துவான். சாயங்காலம் பாத்தா நெல்லும் நாசம், மிளகாயும் நாசம். ரெண்டு பேருமே ‘நான் ஒரு தப்பும் பண்ணலை’ன்னு சத்தியம் பண்ணுவான். ரெண்டு பேர் சொல்றதும் உண்மைதான்.

குதிருங்கறது உன்னோட டி டிரைவ். ரெண்டு பக்கமும் தெரியணும்னு சினிமா, போட்டோ, காலேஜ் புராஜெக்ட் எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு வெச்சிருக்கியே, அது. எந்த ஃபைல் எந்த எடத்துல இருக்குங்கற பட்டியலோட நகலை முழிச்சிருக்கவன் ராம்ல வெச்சுக்கிட்டுத்தான் வேலை பாப்பான். ஹைபர்னேட் ஆகும்போது அந்த நகலும் அவனோட சேந்து தூங்கப் போயிருது. நடுவுல இன்னொருத்தன் பட்டியலை மாத்தினா, எந்திரிச்சவன் பழைய நகலைப் புதுப் பட்டியல் மேல எழுதிருவான். லினக்ஸ் கெர்னல் எழுதுற ஆளுங்களே தங்களோட ஆவணத்துல இதைப் பத்திக் கொட்டை எழுத்துல எச்சரிச்சு வெச்சிருக்காங்க.

அதனால பேராண்டி, தூங்க வைக்கிறது நாலஞ்சு கமாண்டு சமாச்சாரம். தூங்குறவன் சொத்துல முழிச்சிருக்கவன் கை வைக்காமப் பாத்துக்கிறது உன் பாடு. அதுக்குன்னு எவனும் கமாண்டு எழுதி வைக்கலை.

முதல்ல மூத்தவன் கிட்ட ஒரு சூது இருக்கு, அதைக் கண்டுபிடி. ஷட் டவுன்னு அமுக்குறே, திரை இருண்டு போகுது, போயிட்டான்னு நம்புறே. எங்க போனான்? 2012-ல விண்டோஸ் 8 வந்ததுலேர்ந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு ஒரு பழக்கம் புடிச்சிருக்கான். நீ திறந்து வெச்ச புரோகிராமை எல்லாம் மூடிட்டு, தன்னோட கெர்னலை மட்டும் டிஸ்க்ல எழுதி வெச்சுட்டுக் கண்ணை மூடிக்குவான். காலையில சீக்கிரம் எந்திரிச்சான்னு நல்ல பேரு வாங்கலாம்ல? வேடிக்கை என்னன்னா, ‘போ’ன்னா போக மாட்டான். ‘போயிட்டு வா’ன்னா, அதாவது ரீஸ்டார்ட்னா, நெசமாவே முழுசாப் போயிட்டுத்தான் வருவான். ஷிஃப்ட் பொத்தானை அமுக்கிக்கிட்டே ஷட் டவுன் சொன்னாலும் முழுசாப் போவான். உனக்கு இது தெரியாது. ஆறு மாசமா அவன் தூங்கிக்கிட்டிருக்கும்போது அந்தப் பக்கம் போயி டி டிரைவைத் திறந்துக்கிட்டிருந்திருக்கே. உபுண்டு சில நாள் ‘எழுத விட மாட்டேன், படிக்க மட்டும்தான்’னு மறுத்துச்சே, அப்ப அதைத் திட்டினேல்ல? உன் சொத்தைக் காப்பாத்தினது அதுதான்.

தீர்வு சுலபம். மூத்தவன் ஹைபர்னேட் ஆகவே வேண்டாம், இளையவன் மட்டும் ஆனாப் போதும்னா, அட்மினிஸ்ட்ரேட்டரா கமாண்டு ஜன்னலைத் திறந்து ‘பவர்சிஎஃப்ஜி ஸ்லாஷ் ஹெச் ஆஃப்’னு அடி. ஹைபர்னேட்டும் போச்சு, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் போச்சு. சி டிரைவ்ல ஹைபர்ஃபில்னு ஒரு ஃபைல் மறைஞ்சு கிடக்கும், அதுவும் போச்சு. அது சாதாரணமா உன் ராம்ல 40 சதவீதம் வரைக்கும் எடம் புடிச்சிருக்கும். 16 ஜிபிக்குக் கணக்குப் போட்டா 6.4 ஜிபி. சும்மா கெடைச்ச எடம், அதுலயும் சினிமாவைப் போட்டுத் தொலைக்காதே.

‘இல்ல தாத்தா, ரெண்டும் ஆகணும்’னு அடம் புடிச்சேன்னா, அதே கமாண்டை ‘ஆன்’னு முடி. அப்புறம் கன்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ் போயி, பவர் பொத்தானை அமுக்கினா என்ன செய்யணுங்கற பக்கத்தைத் திற. கீழ சில கட்டம் மங்கலாக் கிடக்கும். மேல இருக்குற இணைப்பை அமுக்கினாத்தான் உயிர் வரும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்கை எடு, ஹைபர்னேட் டிக்கைப் போடு. இனிமே ‘போ’ன்னா போவான், ‘தூங்கு’ன்னா தூங்குவான். பெரிய அப்டேட் எதாவது வந்தா அந்தப் பக்கத்தை மறுபடி ஒரு தடவை எட்டிப் பாத்துக்கோ. பழைய பழக்கம், லேசுல நம்பக் கூடாது.

இந்த எடத்துல உன்னை மாதிரி அவசரக்காரனுக்குன்னே ஒரு வலை விரிச்சிருக்கு. உபுண்டு சி டிரைவைத் திறக்க மறுக்கும்போது, என்டிஎஃப்எஸ்-3ஜிங்கற மென்பொருளுக்கு ‘ரிமூவ் ஹைபர்ஃபைல்’னு ஒரு விருப்பத்தைக் குடுத்தா, சட்டுனு திறந்து விட்டுரும். எவனாவது உனக்கு அதைச் சொல்லிக் குடுப்பான், நீயும் அவனைத் தெய்வம்னு கும்பிடுவே. அது என்ன பண்ணுது தெரியுமா? தூங்குறவன் எழுதி வெச்ச மொத்தக் கணக்கையும் அழிச்சிருது. அவன் எந்திரிக்கும்போது நேத்து ராத்திரி நீ பாதியில விட்ட புராஜெக்ட் ரிப்போர்ட் அவன் நெனைவுல இருக்காது. சேவ் பண்ணியிருந்தாப் பிழைச்சே. நீயாவது, சேவ் பண்றதாவது!

இனி இளையவன் பக்கம் வா. நல்ல பையன்தான், ஆனா எல்லாத்தையும் நீயே எடுத்துக் குடுக்கணும். அவனுக்குப் படுக்கிற எடம் ஸ்வாப். எவ்வளவு வேணும்? உபுண்டு பக்கம் ஒரு கணக்கு சொல்லுவாங்க: ராம் அளவோட, அதோட வர்க்கமூலத்தையும் கூட்டு. 16 ஜிபின்னா 20 ஜிபி. 8 ஜிபின்னா 11. வர்க்கமூலம் ஞாபகம் இருக்கா, அதையும் நானே போட்டுக் குடுக்கணுமா? தூங்கும்போது எழுதுற ராம் நகலை, மொத்த ராம்ல அஞ்சுல ரெண்டு பங்குக்குள்ள அடக்கத்தான் கெர்னல் பாக்கும். ஆனா நீ பிரௌசர்ல அம்பது டேப் திறந்து வெச்சிருக்குற ஆளு, தாராளமாவே குடு. இன்ஸ்டால் பண்ணும்போது தானா வந்த சின்ன ஸ்வாப் ஃபைலை நம்பி எறங்காதே.

எடத்துக்கு எங்க போறது? மூத்தவன் பாகத்துலேர்ந்துதான் வெட்டணும். வெட்டுறதை அவன் கையாலயே வெட்ட விடு. விண்டோஸ்ல டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து சி டிரைவைச் சுருக்கு. வெட்டின எடத்துல, இந்தப் பக்கம் வந்து லினக்ஸ் ஸ்வாப் பார்ட்டிஷன் ஒண்ணு போடு. அப்புறம் ‘எம்கேஸ்வாப்’ அடிச்சுத் தயார் பண்ணி, எஃப்எஸ்டாப் ஃபைல்ல ஒரு வரி எழுதிச் சேத்துக்கோ. ‘பிஎல்கேஐடி’ அடிச்சா அந்தப் பார்ட்டிஷனோட யூயூஐடி வரும், நீளமா ஒரு நம்பர். அதைக் கையால எழுதாதே, நகல் எடு. உன் கையெழுத்தை நான் பாத்திருக்கேன்.

அந்த நம்பரை ரெண்டு எடத்துல சொல்லி வைக்கணும். ஒண்ணு, பூட் பட்டியல் காட்டுற கிரப்போட அமைப்பு ஃபைல்ல கெர்னலுக்குக் குடுக்குற வரியில ‘ரெஸ்யூம் ஈக்வல்ஸ் யூயூஐடி ஈக்வல்ஸ்’னு எழுதி, பின்னாடியே நம்பரை ஒட்டு. ரெண்டாவது, இனிட்ராம்எஃப்எஸ் அமைப்புக்குள்ள ரெஸ்யூம்ங்கற பேர்ல ஒரு ஃபைல்ல அதையே எழுது. பிறகு ‘அப்டேட் கிரப்’, ‘அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ் மைனஸ் யூ’ ரெண்டையும் ஓட்டு. எதுக்கு இவ்வளவு முன்கூட்டியே சொல்லணும்னு கேக்கலியே நீ? கேக்க மாட்டே. நானே சொல்றேன். இளையவன் எந்திரிக்கும்போது தன்னோட ரூட் பார்ட்டிஷனை மவுன்ட் பண்றதுக்கு முன்னாடியே, ‘நான் நேத்து எதாவது எழுதி வெச்சுட்டுத் தூங்கினேனா’ன்னு பாத்தாகணும். மவுன்ட் பண்ணின பிறகு பாத்தா, அவன் குதிரை அவனே கலைச்ச மாதிரி ஆயிரும்.

தனிப் பார்ட்டிஷன் வேண்டாம், ஸ்வாப் ஃபைலையே பெருசாக்கிக்கிறேன்னா, அதுவும் முடியும். அப்ப ரெஸ்யூம்ங்கறதுல அந்த ஃபைல் இருக்குற பார்ட்டிஷனோட நம்பர் வரணும், கூடவே ‘ரெஸ்யூம் ஆஃப்செட்’னு அந்த ஃபைல் டிஸ்க்ல எந்த எடத்துல ஆரம்பிக்குதுங்கற கணக்கும் வரணும். இஎக்ஸ்டி4-ன்னா ‘ஃபைல்ஃபிராக் மைனஸ் வி’ அடிச்சா, முதல் வரியில ஃபிசிக்கல் ஆஃப்செட்னு வர்ற முதல் எண். பிடிஆர்எஃப்எஸ்னா அந்தக் கமாண்டு காட்டுற எண் பொருந்தாது, பிடிஆர்எஃப்எஸ் தனக்குன்னு ஒரு கமாண்டு வெச்சிருக்கு. ஃபைலை அழிச்சுப் புதுசாப் போட்டா ஆஃப்செட்டும் மாறிரும், நீ மாத்த மறந்துருவே. அதனாலதான் உனக்குத் தனிப் பார்ட்டிஷன்னு சொல்றேன். ஃபெடோரா வெச்சிருக்கானே உன் கூட்டாளி, அவன் நெலமை இன்னும் வேடிக்கை. 2020-ல வந்த ஃபெடோரா 33-லேர்ந்து ஸ்வாப்னு அவனுக்குக் கெடைக்கிறது இசட்ராம். அது ராமுக்குள்ளயே சுருட்டி வைக்கிற எடம். கரன்ட்டு போனா ராமே காலி, அப்புறம் எங்கேர்ந்து எந்திரிக்கிறது? அவனும் டிஸ்க்ல ஒரு எடம் தனியாப் போட்டாகணும்.

எல்லாம் எழுதியாச்சு, ‘சிஸ்டம்சிடிஎல் ஹைபர்னேட்’னு அடிக்கிறே. கெர்னல் ஒத்துக்கலைன்னு ஒரே வரியில மூஞ்சியில அடிச்ச மாதிரி பதில் வரும். உடனே தாத்தன் தப்பாச் சொல்லிட்டான்னு ஊர் பூரா சொல்லக் கெளம்பாதே. செக்யூர் பூட் ஆன்ல இருக்கும். 2019-ல வந்த 5.4 கெர்னல்லேர்ந்து லாக்டவுன்னு ஒரு காவல் இருக்கு. செக்யூர் பூட் ஆன்ல இருந்தா உபுண்டு அந்தக் காவலைப் போட்டுரும். காவல் இருந்தா ஹைபர்னேட் கிடையாது. காரணம் நியாயமானது. கையெழுத்துப் போட்ட கெர்னலை மட்டும்தான் உள்ள விடுவேன்னு சொல்லிட்டு, டிஸ்க்ல எவன் வேணும்னாலும் திருத்தக்கூடிய ஒரு நகலை எடுத்து ராம்ல கொட்டினா, அந்தக் காவலுக்கு என்ன அர்த்தம்?

அப்ப செக்யூர் பூட்டை அணைச்சாகணும். கையைக் கட்டிக்கிட்டு முழுசாக் கேளு, இங்கதான் பல பேர் குடி முழுகுது. விண்டோஸ்ல பிட்லாக்கரோ டிவைஸ் என்க்ரிப்ஷனோ ஆன்ல இருந்தா, செக்யூர் பூட்டை மாத்தினதும் மூத்தவன் சந்தேகப்பட்டு 48 இலக்க மீட்புச் சாவியைக் கேப்பான். அந்தச் சாவி உன் மைக்ரோசாஃப்ட் கணக்குல இருக்கலாம். அந்தக் கணக்கோட பாஸ்வேர்டு? அதான் கேட்டேன். முதல்ல சாவியை எடுத்துக் காகிதத்துல எழுதி வை. அதுக்கப்புறம்தான் பயாஸ் பக்கமே போகணும். இன்னொண்ணு. ராத்திரி பூரா ஒரு துப்பாக்கி வெளையாட்டு ஆடுறியே, வாலரன்ட்டு, அது விண்டோஸ் 11-ல செக்யூர் பூட் இல்லேன்னா உன்னை உள்ள சேக்காது. ஹைபர்னேட் வேணுமா, வாலரன்ட்டு வேணுமான்னு நீயே முடிவு பண்ணிக்கோ. உங்க அம்மா கிட்ட கேட்டா ஒரே நிமிசத்துல முடிவு சொல்லிருவா.

சரி, அணைச்சாச்சு, தூங்கியும் போச்சு. சோதிச்சுப் பாக்கணும்ல? ஒரு எடிட்டரைத் திறந்து நாலு வரி அடி, ஒண்ணுக்கும் உதவாத வரியா இருக்கட்டும், அது உனக்குக் கஷ்டம் இல்ல. ஹைபர்னேட் பண்ணு. முழுசா அணைஞ்சதும் பவர் பொத்தானை அமுக்கு. கிரப் பட்டியல் வரும், பயப்படாதே, உபுண்டுவைத் தேர்ந்தெடு. அந்த நாலு வரி அப்படியே இருந்தா ஜெயிச்சே. திரை கறுப்பாவே நின்னா, என்விடியா கார்டு இருக்கான்னு பாரு. அதுக்குத் தூங்குற நேரத்துல வீடியோ நெனைவைக் காப்பாத்த தனி அமைப்பும், தனி ஹைபர்னேட் சேவையும் ஆன்ல இருக்கணும். ஒண்ணுமே நடக்காம மாட்டிக்கிட்டா, கிரப்ல கெர்னல் வரியோட கடைசியில ‘நோரெஸ்யூம்’னு சேத்து பூட் பண்ணு. தூங்கினப்போ இருந்த வேலை போகும், பெட்டி திரும்பக் கெடைக்கும்.

உபுண்டுவோட மெனுவுல ஹைபர்னேட் பொத்தானைத் தேடித் தேடிக் கண்ணைக் கெடுத்துக்காதே, 12.04-லேர்ந்து அதை மறைச்சுத்தான் வெச்சிருக்காங்க. அனுமதி குடுத்து வெளிய எடுக்கணும். அதை விடச் சொகுசு ஒண்ணு இருக்கு. மூடியை மூடினா முதல்ல கோழித்தூக்கம், நீ வெச்ச நேரம் தாண்டினதும் தானா ஹைபர்னேட். ‘சஸ்பெண்ட் தென் ஹைபர்னேட்’னு சிஸ்டம்டியிலயே இருக்கு. டீ குடிச்சுட்டு வந்தா உடனே முழிக்கும், நீ ராத்திரி மறந்து தூங்கிட்டா அது முழுசா அணைஞ்சிரும். உன்னை மாதிரி ஆளை மனசுல வெச்சுத்தான் எவனோ எழுதியிருக்கான்.

இனி வீட்டு விதியை நல்லா மனசுல பதிச்சுக்கோ. இளையவன் தூங்குறதுக்கு முன்னாடி டி டிரைவை அன்மவுன்ட் பண்ணணும். உனக்கு ஞாபகம் இருக்காது, அதனால சிஸ்டம்டியோட சிஸ்டம்-ஸ்லீப் அடைவுல ஒரு ஸ்கிரிப்டைப் போட்டு வை. தூங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை, எந்திரிச்ச பிறகு ஒரு தடவை, ரெண்டு நேரமும் அதைக் கூப்பிட்டு ஓட்டும். சி டிரைவைத் தானா மவுன்ட் ஆகுற மாதிரி வைக்கவே வைக்காதே. மூத்தவன் ஹைபர்னேட் ஆகியிருந்தா, இந்தப் பக்கத்துலேர்ந்து அவனோட எந்த டிரைவையும் எழுதத் திறக்காதே. ரெண்டு பேரும் பூட் ஆகுறதுக்கு வெச்சிருக்குற இஎஃப்ஐ பார்ட்டிஷனும் பொதுச் சொத்துதான், அதை மறந்துராதே. இளையவன் தூங்குற நேரத்துல விண்டோஸ் அப்டேட்டைப் போட்டு அதைக் கிளற விடாதே. யூஎஸ்பி-லேர்ந்து லைவ் லினக்ஸ் பூட் பண்ணி, தூங்குறவன் பார்ட்டிஷனுக்குள்ள நுழைஞ்சு ஃபைல் தேடாதே. ‘மூணாவதா லினக்ஸ் மின்ட்டும் போட்டுப் பாக்குறேன்’னு நீ கெளம்புவேன்னு எனக்குத் தெரியும். போடு, ஆனா இளையவன் படுக்கிற அதே ஸ்வாப்பை மூணாமவனுக்கும் குடுக்காதே. இன்ஸ்டால் பண்ணும்போது அவன் அதைப் புதுசா ஃபார்மட் பண்ணினா யூயூஐடி மாறிரும், இளையவன் தன் எடத்தைத் தேடிக்கிட்டு நிப்பான்.

இதோட இன்னொரு வம்பு. அந்தப் பக்கம் போயிட்டு இந்தப் பக்கம் வந்தா கடிகாரம் அஞ்சரை மணி நேரம் தப்பாக் காட்டும். பெட்டிக்குள்ள இருக்குற கடிகாரத்துல மூத்தவன் உள்ளூர் நேரத்தை வைப்பான், இளையவன் யூடிசி நேரத்தை வைப்பான். ‘டைம்டேட்சிடிஎல்’ல லோக்கல் ஆர்டிசியை 1-னு வெச்சா இளையவன் எறங்கி வந்துருவான். காலேஜுக்கு அஞ்சரை மணி நேரம் லேட்டாப் போனதுக்கு இதைக் காரணமாச் சொல்லாதே, வாத்தியாருக்கும் லினக்ஸ் தெரியும்.

‘தெனமும் இவ்வளவு எழுதினா எஸ்எஸ்டி தேஞ்சு போயிராதா?’ன்னு கேக்குறே பாரு, இதான் உன் கிட்ட எனக்குப் புடிச்சது. விடிய விடிய டவுன்லோடு போடும்போது வராத கவலை. கணக்குப் போடு. ஒரு தடவைக்கு 6 ஜிபி, தெனம் ரெண்டு தடவைன்னா 12 ஜிபி. வருசத்துக்கு நாலே கால், நாலரை டெராபைட். பரவலா விக்கிற 500 ஜிபி ரகத்துக்குக் கம்பெனிக்காரன் 150-லேர்ந்து 300 டெராபைட் வரை எழுதலாம்னு உத்தரவாதம் குடுக்குறான். கொறைச்ச கணக்குலயே முப்பது வருசத்துக்கு மேல. அதுக்குள்ள உன் பையனுக்குப் பொண்ணு தேடிக்கிட்டிருப்பே. கவலைப்பட வேண்டியது வேற எடத்துல இருக்கு. ஹைபர்னேட் ஆகும்போது ராம்ல இருந்த பாஸ்வேர்டு, ரகசியம் எல்லாம் டிஸ்க்ல எறங்குது. ஸ்வாப்பை என்க்ரிப்ட் பண்ணாம பெட்டியைத் தொலைச்சேன்னா, எடுத்தவன் நிதானமா உக்காந்து படிப்பான். அதுக்காக ஒவ்வொரு பூட்டுக்கும் புதுச் சாவி போடுற என்க்ரிப்ஷனை வெச்சுராதே. சாவி மாறினா இளையவனே தன் கணக்கைப் படிக்க முடியாது.

கடைசியா தாத்தன் புத்தி ஒண்ணு. நீ முக்கால்வாசி நேரம் உபுண்டுலதான் இருக்கே. மூத்தவன் கிட்ட போறது வெளையாடவும், காலேஜ்ல கேக்குற அந்த ஒரு மென்பொருளுக்கும்தான். அதுக்கு அவன் தூங்கி எந்திரிக்க வேண்டிய அவசியம் என்ன? எஸ்எஸ்டி இருக்கு, சட்டுனு பூட் ஆயிருவான். அவனுக்கு ‘பவர்சிஎஃப்ஜி ஸ்லாஷ் ஹெச் ஆஃப்’ போட்டு, வந்தா வரட்டும், போனா முழுசாப் போகட்டும்னு விடு. தூங்குற உரிமையை ஒருத்தனுக்கு மட்டும் குடு. பாதிப் பஞ்சாயத்து அங்கயே முடிஞ்சுது. ரெண்டு பேரையும் தூங்க வெச்சேன்னா, எவன் எப்ப தூங்கினான்னு கணக்கு வெச்சுக்கிறது உன் தலையில விழும். உன் தலைக்கு அது தாங்காது.

சரி, எங்க கெளம்பிட்டே? பார்ட்டிஷனை வெட்டப் போறியா? அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். அந்த டி டிரைவ்ல இருக்குறதுக்கெல்லாம் வேற எங்கயாவது ஒரு நகல் வெச்சிருக்கியா? ஏன் தலையைச் சொறியுறே? இவ்வளவு நேரம் நான் சொன்னதுல ஒரு வரியைக் கூட இப்பச் செய்யாதே. முதல்ல டவுனுக்குப் போயி ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கிட்டு வா. வர்ற வழியில எனக்குக் கால் கிலோ கருப்பட்டி மிட்டாய் வாங்கு. காசு? உங்க அப்பன் கிட்ட கேளு.